உள்ளே வாங்க... காபி ரெடி!

விசா கைக்கு வந்தாச்சு. பிளாக்டு அக்கவுன்ட்டில் பணம் போட்டாச்சு. குக்கர், ரெண்டு கிலோ சாம்பார்பொடி, தலைவலித் தைலம், அம்மா கிண்டிக் கொடுத்த புளிக்காய்ச்சல்னு சூட்கேஸ் 23 கிலோவைத் தாண்டி மூச்சு வாங்குது. இறங்கினதும் எந்த சிம் கார்டு வாங்கணும், எந்தக் கடையில துவரம்பருப்பு கிடைக்கும், எந்த புரொஃபசர் கிட்ட ஜாக்கிரதையா இருக்கணும்... எல்லாத்தையும் சீனியர்ஸ் வாட்ஸ்அப் குரூப்பில் சொல்லிட்டாங்க.

எல்லாம் ஓகே பாஸ். அந்த ஊர்ல யார் வீட்டுக்குப் போகப் போறீங்க?

'யார் வீட்டுக்கா? அங்கே எனக்கு யாரையுமே தெரியாதே!' என்கிறீர்களா? விஷயமே அதுதான். வெளிநாட்டுப் படிப்பு பற்றி ஆயிரம் டிப்ஸ் கிடைக்கிறது. ஆனால், அந்த நாட்டுக்காரர் ஒருத்தர் தன் வீட்டுக் கதவைத் திறந்து 'உள்ளே வா' என்று கூப்பிடும்போது என்ன செய்யணும், எப்படி நடந்துக்கணும், அதுக்கு அப்புறம் என்ன என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. வாங்க, ஜெர்மனி வரைக்கும் போயிட்டு வரலாம்.

ரெண்டு வருஷம்... ஒரு கிச்சன்கூடப் பார்க்கலை!

ஏன் ஜெர்மனி? நம்ம பசங்க குவிகிற இடம் இப்போது அதுதான். 2022-23 கல்வியாண்டிலிருந்து ஜெர்மனியில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் முதலிடம் இந்தியர்களுக்கு. அதுவரை அந்த இடத்தில் இருந்தது சீனா. 2023-24-ல் இந்திய மாணவர்களின் எண்ணிக்கை 49 ஆயிரத்தைத் தாண்டியது. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் டியூஷன் ஃபீஸ் கிடையாது என்பது பெரிய காரணம்.

இத்தனை பேர் இருப்பது தெம்புதான். அதுவே சுவராகவும் ஆகிவிடுகிறது. நாலு தமிழ்ப் பசங்க சேர்ந்து ஒரு வீடு எடுக்கிறோம். சனிக்கிழமை நம்ம ஊர்ப் படம், தீபாவளிக்கு ஆளுக்கொரு டிஷ், கிளாஸ் இங்கிலீஷில். ரெண்டு வருஷம் சர்ருனு ஓடிடும். டிகிரி வாங்கியாச்சு, வேலையும் கிடைச்சாச்சு. ஆனா, ஒரு ஜெர்மன் வீட்டோட சமையலறை எப்படி இருக்கும்னு கேட்டா, தெரியாது!

'தெரியாட்டி என்ன குடியா முழுகிடும்?' முழுகாதுதான். ஆனால் டிசம்பர் மாதம் வரும். பெர்லினில் சாயங்காலம் நாலு மணிக்கு முன்னாடியே சூரியன் மறைந்துவிடும். அன்றைக்குப் பார்த்து ஜுரம் அடிக்கும். ரூம்மேட்ஸ் ஊருக்குப் போயிருப்பார்கள். ஏதோ ஓர் அரசு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கும். ஒவ்வொரு வார்த்தையும் நம்ம ஊர் கல்யாண ஊர்வலம் மாதிரி நீளமா போகும். மொபைலில் மொழிபெயர்த்தாலும் 'இதுக்கு பயப்படணுமா, வேண்டாமா?' என்று தெரியாது. அந்த நேரத்தில் 'ஒண்ணுமில்லைப்பா, இதை இப்படிப் பண்ணு' என்று சொல்ல அந்த ஊரில் ஒரு வீடு, ஒரே ஒரு வீடு இருந்தால் போதும். ஊரே வேற மாதிரி தெரியும்.

சிரிக்க மாட்டாங்க... ஆனா கூப்பிடுவாங்க!

நம்ம ஊர் ரயிலில் ஏறினால், விழுப்புரம் தாண்டுறதுக்குள்ள எதிர் சீட்டு மாமி நம்ம சம்பளம், ஜாதகம், தங்கச்சி படிப்பு எல்லாம் விசாரிச்சு முடிச்சு, ரெண்டு இட்லியும் கொடுத்திருப்பாங்க. ஜெர்மனியில் அது நடக்காது. மாடிப்படியில் பார்த்தால் ஒரு 'ஹலோ'. அதோடு கதவு சாத்தப்படும். 'என்னைப் பிடிக்கலையோ?' என்று நம்ம ஆளுங்க மனசு சுருங்கிப் போவது இங்கேதான்.

அது வெறுப்பு இல்லை. அடுத்தவர் நேரத்திலும் சொந்த விஷயத்திலும் மூக்கை நுழைக்கக் கூடாது என்பது அவர்கள் வளர்ந்த முறை. அதனாலேயே அங்கே அழைப்புக்கு எடை அதிகம். நாம 'ஒருநாள் வீட்டுக்கு வாங்களேன்' என்று போகிறபோக்கில் சொல்வோம். அதில் பாதி மரியாதைக்கு. அவர்கள் அப்படிச் சொல்வது குறைவு. 'அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூணு மணிக்குக் காபிக்கு வர்றியா?' என்று தேதி, மணியோடு கேட்டால், நிஜமாகவே கூப்பிடுகிறார்கள். டைரியில் உங்கள் பெயரை எழுதிவிட்டார்கள். உங்களுக்காக கேக் வேகப் போகிறது!

தேதி போட்டுக் கூப்பிடுவது நமக்கு ஆபீஸ் மீட்டிங் மாதிரி தெரியலாம். அவர்களுக்கோ 'அந்த ரெண்டு மணி நேரம் முழுக்க உனக்குத்தான்' என்று அர்த்தம்.

கணித மேதைக்கும் ஒரு வீடு தேவைப்பட்டது

கடல் கடந்து போன மாணவனுக்கு அந்த ஊர் வீடு ஒன்று என்ன செய்யும்? இதற்கு நம்ம ஊர் ஆள் ஒருத்தரையே சாட்சிக்குக் கூப்பிடலாம். நாடு மட்டும் இங்கிலாந்து.

1914 மார்ச் 17. சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறுகிறார் சீனிவாச ராமானுஜன். கும்பகோணத்துப் பிள்ளை, சுத்த சைவம். ஏப்ரல் 14-ல் லண்டனில் இறங்கும்போது அழைத்துப்போகக் காத்திருந்தவர் கணித அறிஞர் நெவில். அந்த வருடத் தொடக்கத்தில் சென்னைக்கு வந்து பாடம் எடுத்தவர், ராமானுஜனை இங்கிலாந்துக்கு வரச் சம்மதிக்க வைத்தவரும் அவரே. 'வா'னு கூப்பிட்டதோடு நிற்கவில்லை. சில நாட்களில் கேம்ப்ரிட்ஜில் தன் வீட்டுக்கே அழைத்துப் போனார். நெவிலும் அவர் மனைவியும் இருந்த அந்த வீட்டில்தான் ராமானுஜனின் முதல் சில வாரங்கள் கழிந்தன. அதற்குப் பிறகே டிரினிட்டி கல்லூரி அறைக்குக் குடிபோனார்.

அறைக்குப் போன பிறகு ஒரு சம்பவம். அப்போது கேம்ப்ரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த மஹலனோபிஸ், பின்னாளில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவினாரே அவரேதான், ராமானுஜனைப் பார்க்கப் போகிறார். ராத்திரியெல்லாம் குளிர் தாங்கவில்லை, ஓவர்கோட் போட்டு சால்வையும் சுற்றிக்கொண்டு தூங்குகிறேன் என்கிறார் ராமானுஜன். படுக்கையைப் போய்ப் பார்த்தால் கம்பளிகள் இருக்கின்றன. ஆனால் அந்த ஊர் வழக்கப்படி மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகி, மேலே விரிப்பு போட்டு வைத்திருக்கிறார்கள். அவற்றை விலக்கிவிட்டு உள்ளே நுழைந்து படுக்கணும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. மஹலனோபிஸ் காட்டிக் கொடுக்கிறார்.

யோசிச்சுப் பாருங்க. உலகமே வியந்த மூளை. ஆனால் கம்பளிக்குள் எப்படி நுழையணும் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. உங்கள் அறைக்குள் வந்து பார்க்கிற ஒருத்தருக்கோ, தன் வீட்டுக்குள் உங்களைக் கூப்பிடுகிற ஒருத்தருக்கோதான் அது கண்ணில் படும்.

மூணு மணின்னா மூணு மணிதான்

சரி, திரும்பவும் ஜெர்மனி. அழைப்பு வந்தாச்சு. ஞாயிறு, மூணு மணி. அங்கே இதற்கு 'காஃபே உண்ட் கூஹன்' என்று பெயர். காபியும் கேக்கும். நம்ம ஊர் சாயங்கால டிபன் மாதிரி ஒரு வழக்கம்.

நேரம்: நம்ம ஸ்டைலில் நாலு மணிக்குப் போய் 'டிராஃபிக் சார்' கதை விட முடியாது. கால் மணி நேரம் முன்னாடி போய் பெல் அடிப்பதும் சிக்கல்தான். உள்ளே இன்னும் மேஜை துடைத்துக்கொண்டிருப்பார்கள். ரெண்டு மூணு நிமிஷம் முன்னே பின்னே, அவ்வளவுதான். லேட் ஆகும்னா உடனே ஒரு மெசேஜ்.

கையில்: வெறுங்கையோட போகாதீங்க. இது நமக்கும் பாட்டி சொல்லிக் கொடுத்ததுதானே! சின்னதா பூங்கொத்து, சாக்லேட், இல்லை ஊரிலிருந்து கொண்டு வந்த ஏதாவது. பூ வாங்கினால் சிவப்பு ரோஜா வேண்டாம், அது காதலர்கள் சமாசாரம். வெள்ளை லில்லி கல்லறை ஞாபகத்தைக் கிளப்பும். சுற்றின பேப்பரைப் பிரித்துவிட்டுக் கொடுப்பது பழைய மரியாதை. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், அதனால் சனிக்கிழமையே வாங்கி வையுங்க.

செருப்பு: வாசலில் கழற்றணுமா? பல வீடுகளில் ஆமாம். ஒரு கேள்வி கேட்டால் தீர்ந்தது. விருந்தாளிகளுக்கென்று வீட்டுச் செருப்பு வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. ஓட்டை விழாத சாக்ஸ் போட்டுப் போவது உத்தமம்!

ஜன்னல்: உறைபனி நேரத்திலும் திடீர்னு ஜன்னலை அகலமாகத் திறந்துவிடுவார்கள். 'நம்ம மேல மசாலா வாசனை அடிக்குதோ?' என்று கூனிக் குறுக வேண்டாம். குளிர்காலத்தில் சில நிமிடம் ஜன்னலைத் திறந்து காற்றை மாற்றுவது அவர்கள் தினமும் செய்வது.

பேச்சு: தமிழனுக்கு இங்கே ஒரு அட்வான்டேஜ். இங்கிலீஷில் எல்லோருக்கும் ஒரே 'யூ'. ஜெர்மனில் நம்மைப் போலவே 'நீ', 'நீங்க' உண்டு. 'டூ' என்றால் நீ, 'ஸீ' என்றால் நீங்க. பெரியவர்களிடம் ஸீயில் ஆரம்பிங்க. 'என்னை டூன்னே சொல்லு' என்று அவர்கள் வாயிலிருந்து வந்தால், அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீங்க. ஒரு படி உள்ளே வந்துட்டீங்க!

'வேண்டாம்' என்றால் வேண்டாம்தான்

எல்லாவற்றையும் விட நம்ம ஆளுங்க தவிக்கிற இடம் சாப்பாட்டு மேஜை.

நம்ம வீட்டில் முதல் தடவை கேட்டதும் 'ஐயோ வேண்டாங்க' என்கணும். ரெண்டாவது தடவை 'போதும் போதும்' என்கணும். மூணாவது தடவை அவங்களே இலையில் போட்டுடுவாங்க. இந்த நாடகம் நமக்குப் புரியும். அங்கே 'இன்னொரு துண்டு கேக்?' என்பார்கள். நீங்க வெட்கப்பட்டு 'வேண்டாம்' என்றால் கேக் திரும்பிப் போய்விடும். பசியோட பஸ் ஏற வேண்டியதுதான்! இதில் இன்னொரு பொடியும் இருக்கிறது. ஏதாவது கொடுக்கும்போது வெறும் 'டாங்கே', அதாவது நன்றி என்று மட்டும் சொன்னால், பல நேரம் அதற்கு 'வேண்டாம்' என்று அர்த்தமாகிவிடும். வேணும்னா 'யா, கேர்னே' என்று தெளிவா சொல்லணும். சாப்பிட்டு முடிச்சாச்சா? கத்தியையும் ஃபோர்க்கையும் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் இணையாக வையுங்க. 'எனக்குப் போதும்' என்பதற்கு அதுதான் சைகை.

அதேபோல, உங்க 'வேண்டாம்' அங்கே மதிக்கப்படும். சைவமா? மாட்டுக்கறி சாப்பிட மாட்டீங்களா? பீர் பழக்கம் இல்லையா? அழைப்பை ஏற்கும்போதே சொல்லிடுங்க. தட்டில் வைத்த பிறகு நெளிவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல். உருளைக்கிழங்கு சாலட் பார்க்க சாதுவா இருக்கும். தெற்கு ஜெர்மனிப் பக்கம் அதில் இறைச்சி வேகவைத்த சாறு ஊற்றுவது உண்டு. கேட்டால் தப்பே இல்லை.

ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு, மேஜையில் ரொட்டி, சீஸ், வெள்ளரிக்காய் ஊறுகாய் மட்டும் வைத்திருந்தால்? அதற்கு 'ஆபென்ட்ப்ரோட்' என்று பெயர். 'மாலை ரொட்டி' என்று சொல்லலாம். மதியம் சூடாகச் சாப்பிட்டுவிட்டு ராத்திரி அடுப்பு பற்ற வைக்காமல் முடிப்பது அங்கே பழைய வழக்கம். அவங்க தினமும் சாப்பிடுவதையே உங்களுக்கும் வைக்கிறார்கள் என்றால், உங்களை வீட்டு ஆளாக்கிவிட்டார்கள்னு அர்த்தம்.

இந்த 'வேண்டாம்' எவ்வளவு பெரிய வார்த்தை என்பதற்கு மறுபடியும் ராமானுஜன்தான். கேம்ப்ரிட்ஜில் தானே சமைத்து இந்திய நண்பர்கள் சிலரை விருந்துக்குக் கூப்பிட்டார். சூப் பரிமாறினார். சாப்பிட்டார்கள். ரெண்டாவது முறையும் வாங்கிக்கொண்டார்கள். மூணாவது முறை கொண்டு வந்தபோது விருந்துக்கு வந்த பெண்கள் போதும் என்றார்கள். கொஞ்ச நேரத்தில் ராமானுஜனைக் காணோம்! விசாரித்தால், டாக்ஸி பிடித்துக் கிளம்பிப் போய்விட்டாராம். சில நாள் கழித்துத் திரும்பினார். ஆக்ஸ்ஃபோர்டு போயிருந்தார். தான் பரிமாறியதை மறுத்ததில் மனசு அவ்வளவு நொந்துவிட்டது. அவர் ஊரில் பரிமாறுவது என்றால் பாசம். அதை மறுத்தால் முகத்தில் அடித்த மாதிரி. வந்தவர்களுக்கோ வயிறு நிறைந்திருந்தது, அவ்வளவுதான். இத்தனைக்கும் எல்லோருமே இந்தியர்கள். நாடு விட்டு நாடு போனவர்களுக்கு நடுவே எத்தனை குழப்பம் வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

அந்த டிசம்பர் 24

ஜெர்மன் குடும்பத்துக்கு கிறிஸ்துமஸ் என்றால் 25-ம் தேதி காலையைவிட 24-ம் தேதி மாலைதான் பெரிசு. மதியத்தோடு கடைகள் மூடிவிடும். தெரு வெறிச்சோடும். 25, 26 இரண்டு நாளும் விடுமுறை. ஹாஸ்டல் காரிடாரில் உங்க காலடிச் சத்தம் உங்களுக்கே கேட்கும். அன்றைக்கு வீட்டுக்குள் மரத்தடியில் பரிசு பிரிப்பார்கள். சாப்பாடு பல வீடுகளில் ரொம்ப சிம்பிள், உருளைக்கிழங்கு சாலட்டும் சாஸேஜும்தான். வந்திருப்பவர்கள் எல்லாம் தாத்தா, பாட்டி, பிள்ளைகள்.

அந்த மாலைக்கு உங்களைக் கூப்பிட்டால், நம்ம வீட்டுப் பொங்கல் பானை பொங்குற நேரத்துக்கு ஒரு வெளியாளைக் கூப்பிடுகிற மாதிரி. தயக்கம் வரும். 'அவங்க குடும்ப நிகழ்ச்சியில நான் எதுக்கு?' என்று தோன்றும். கூப்பிட்டவர்கள் யோசித்துத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். போங்க. தட்டு எடுத்து வைக்கிறதில் ஒரு கை கொடுங்க. மறுநாள் நன்றி சொல்லி நாலு வரி எழுதி அனுப்புங்க.

கதவு தானா திறக்காது

அழைப்பு வரணும்னா, முதலில் நீங்க இருக்கிறது அவங்களுக்குத் தெரியணுமே! வழிகள் இருக்கு.

பல பல்கலைக்கழகங்களின் சர்வதேச மாணவர் அலுவலகங்கள், உள்ளூர்க் குடும்பத்தையும் வெளிநாட்டு மாணவரையும் சேர்த்துவைக்கும் திட்டங்கள் நடத்துகின்றன. எர்ஃபுர்ட் நகரில் இருக்கும் ஒரு திட்டத்தின் பெயரே 'ஃப்ரெம்டே வேர்டன் ஃப்ராய்ண்டே', அதாவது 'அந்நியர்கள் நண்பர்களாகிறார்கள்'. சேர்ந்த முதல் வாரமே 'நம்ம யூனிவர்சிட்டியில இப்படி ஏதாவது இருக்கா?' என்று கேளுங்க.

அடுத்தது 'ஃபெரைன்'. சங்கம் என்று வைத்துக்கொள்ளலாம். ஃபுட்பால், செஸ், பாட்டு, தோட்டம்னு எல்லாத்துக்கும் அங்கே சங்கம் உண்டு. ஜெர்மன்காரர் மாடிப்படியில் பேச மாட்டார். ஆனால் ஆறு மாதம் அவரோடு சேர்ந்து டேபிள் டென்னிஸ் ஆடினால் தானா பேசுவார். மூணாவது, மொழி. தப்பும் தவறுமா பேசினாலும் பரவாயில்லை. ஒருத்தர் ஜெர்மன் சொல்லித் தர, இன்னொருத்தர் தன் மொழியைச் சொல்லித் தரும் 'டாண்டெம்' ஜோடி பல கேம்பஸ்களில் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. அழைப்பு எல்லாமே நல்லெண்ணம் என்று கண்ணை மூடிக்கொள்ள வேண்டாம். புதியவர் வீட்டுக்குப் போனால் அட்ரஸை நண்பரிடம் சொல்லிவிட்டுப் போங்க. சங்கடமா இருந்தால் 'நான் கிளம்புறேன்' என்று எழுந்துவிட உங்களுக்கு எப்போதும் உரிமை உண்டு. விருந்தாளி என்பதற்காக எதையும் பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை.

இப்போ உங்க டர்ன்

நாலு தடவை போய் கேக் சாப்பிட்டாச்சு. அப்புறம்? இங்கேதான் நம்மில் பலர் நின்றுவிடுகிறோம். 'என் ரூம் சின்னது, ரெண்டு நாற்காலிதான் இருக்கு, அவங்களை எப்படிக் கூப்பிடறது?' என்று கூச்சம். கூப்பிடுங்க பாஸ்! வாங்கிக்கொண்டே இருந்தால் கடைசிவரை விருந்தாளிதான். நீங்க ஒருநாள் பரிமாறினால்தான் அது உறவு. ராமானுஜன் அந்த விருந்தைக் கொடுத்தது இந்த ஏக்கத்தில்தானோ என்று தோன்றுகிறது. தன் கையால் நாலு பேருக்குப் போடணும்!

ரெண்டு வாரம் முன்னாடியே தேதி சொல்லுங்க. தோசை, உருளைக்கிழங்கு மசால் போதும். மிளகாயைப் பாதியாகக் குறையுங்க. தாளிக்கும்போது புகை அலாரம் அலறும், ஜன்னலைத் திறந்து வையுங்க. கையால் சாப்பிடச் சொல்லிக் கொடுங்க. அவங்க தடுமாறும்போது சிரிங்க, அவங்களும் சிரிப்பாங்க. உங்க நாற்காலியில் அவங்க உட்கார, நீங்க தரையில் உட்கார்ந்து சாப்பிட்ட அந்த சாயங்காலத்துக்கு அப்புறம், அவங்க வீட்டு பெல்லை அடிக்கும்போது கை நடுங்காது.

சரி, வெளிநாடு போகிறவர்களுக்கு மட்டும்தானா இதெல்லாம்? உங்க கிளாஸ்லயே பாருங்க. மணிப்பூரிலிருந்து, நாகாலாந்திலிருந்து வந்து நம்ம ஊர் ஹாஸ்டலில் இருக்கும் மாணவர்கள் இருக்காங்க. இந்தியக் கலாச்சார உறவுகள் மன்றத்தின் ஸ்காலர்ஷிப்பில் ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆசிய நாடுகளிலிருந்தும் வந்து படிப்பவர்கள் இருக்காங்க. பொங்கல் லீவில் எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடும்போது, ஹாஸ்டல் வராந்தாவில் அவங்க காலடிச் சத்தம் மட்டும்தான் கேட்கும். அவங்களில் எத்தனை பேர் மூணு வருஷம் இங்கே இருந்தும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறையைப் பார்க்காமலேயே ஊர் திரும்புகிறார்கள்?

வீட்டுக்குப் போன் போட்டு, 'அம்மா, இந்தப் பொங்கலுக்கு ஒரு ஃப்ரெண்டைக் கூட்டிட்டு வரேன்'னு சொல்லிப் பாருங்க. 'என்னடா சாப்பிடுவான்?' என்ற ஒரு கேள்விதான் வரும். தேதி, மணி, எந்த பஸ் என்று அவனிடம் தெளிவா சொல்லிடுங்க. அவன் 'வேண்டாம்' என்று சொன்னால், இன்னொரு தடவை கேளுங்க!